பஸ்ஸிலேயே குவாத்தமாலா முதல் பனாமா வரை: எல்லை கடக்கப் போகிறவர்களுக்கு

குவாத்தமாலாவிலிருந்து பனாமா வரை தரைவழியாகப் போவதற்குப் பெரிய துணிச்சல் எதுவும் தேவையில்லை. சாலை இருக்கிறது, பஸ் இருக்கிறது, வழியெங்கும் மலிவான விடுதிகள் இருக்கின்றன. சிரமமெல்லாம் எல்லைகளில்தான். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்கள் ஒரே வரியில் கடந்துபோகும் இடத்தில் இந்திய பாஸ்போர்ட்டை நீட்டுபவர் ஓரமாக நிறுத்தப்படுவார்; அதிகாரி அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போவார்; பஸ் ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த நிலையில் நான் நின்றிருக்கிறேன். உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வடக்கிலிருந்து தெற்காகப் போகும் வரிசையில் சொல்கிறேன். தெற்கிலிருந்து வருகிறவர்கள் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம். வேறுபடும் இடங்களைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

1. முதலில் விசா

இந்திய பாஸ்போர்ட்டோடு இந்தப் பயணத்தை நினைப்பதற்கே அடிப்படை, கையில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருப்பது. பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும். அது இருந்தால் மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், கோஸ்டா ரிகா, பனாமா ஆகிய நாடுகளுக்குத் தனியாக விசா எடுக்காமல் போக வழி உண்டு. கனடா விசாவையும் ஷெங்கன் விசாவையும் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கான பொது விசா) இவற்றில் பல நாடுகள் ஏற்கின்றன. ஆனால் எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு மிகவும் பழக்கமானது அமெரிக்க விசாதான். வாக்குவாதமில்லாமல் கடக்க அதுவே நல்லது.

பலர் சிக்கிக்கொள்வது பனாமாவில். அங்கே விசா செல்லுபடியாக இருந்தால் மட்டும் போதாது. அந்த விசாவை வழங்கிய நாட்டுக்குள் ஒருமுறையாவது நீங்கள் நுழைந்திருக்க வேண்டும். புதிதாக வாங்கிய அமெரிக்க விசாவோடு, அமெரிக்காவை மிதிக்காமலே நேராக மத்திய அமெரிக்காவுக்கு வந்தவரைப் பனாமா எல்லையில் திருப்பி அனுப்பலாம். அமெரிக்க நுழைவு முத்திரை பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் அந்தப் பழைய பாஸ்போர்ட்டையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

நிகராகுவாவைத் தனியாகக் கையாள வேண்டும். அமெரிக்க விசாவை மட்டும் நம்பி அந்த எல்லைக்குப் போகாதீர்கள். தரைவழியாக வருகிறவர்கள் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பே குடியேற்றத் துறையின் இணையதளத்தில் விவரங்களைப் பதிந்து, பதில் வந்த பிறகே புறப்பட வேண்டும். எந்த எல்லைச் சாவடி, எந்தத் தேதி, எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதெல்லாம் அதில் கேட்கப்படும். அந்த அனுமதியை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். பதிவு செய்யாமல் போகிறவர்களை எல்லையிலேயே மணிக்கணக்காக உட்கார வைப்பார்கள்; சிலரைத் திருப்பியும் அனுப்புவார்கள்.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு அந்தந்த நாட்டுத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை ஸ்பானிஷ் மொழியிலேயே வாங்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருக்கும் இளம் அதிகாரிக்கு இந்திய பாஸ்போர்ட்டுக்கான விதி தெரியாமல் இருக்கலாம். அவருடைய மொழியில், அவருடைய நாட்டு அரசு எழுதிய இரண்டு வரிகள் உங்கள் விளக்கங்கள் எல்லாவற்றையும்விட வேகமாக வேலை செய்யும். பயணத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட காகிதம் அதுதான்.

விமானத்தில் வந்து எல் சால்வடோரில் பயணத்தைத் தொடங்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2023 அக்டோபரில் அந்த நாடு, ஆப்பிரிக்க நாடுகளின் பாஸ்போர்ட்டோ இந்திய பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர்கள் தன் விமான நிலையம் வழியாக வந்தால் 1,000 டாலரும் அதன்மேல் வரியும், ஆக 1,130 டாலர் கட்ட வேண்டும் என்று அறிவித்தது. விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்குகிறவர்களுக்கும் அது உண்டு. மலிவாகத் தெரியும் டிக்கெட்டை வாங்கும் முன் அது எந்த ஊர் வழியாகப் போகிறது என்று பாருங்கள்.

2. தொண்ணூறு நாள் கணக்கு

குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா ஆகிய நான்கும் 2006-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, சுற்றுலாப் பயணிக்கு நான்கு நாடுகளுக்கும் சேர்த்தே 90 நாள். நாட்டுக்கு 90 நாள் அல்ல. முதலில் நுழைந்த நாட்டில் முத்திரை விழுந்த அன்று கணக்கு தொடங்கிவிடுகிறது. குவாத்தமாலாவில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்துவிட்டால், மற்ற மூன்று நாடுகளுக்கும் சேர்த்து ஒரு மாதம்தான் மிச்சம். ஹோண்டுராஸுக்குப் போய்த் திரும்பினால் கணக்குப் புதிதாகாது. கோஸ்டா ரிகா, மெக்சிகோ, பெலிஸ் ஆகியவற்றில் ஒன்றுக்குள் போக வேண்டும்.

முத்திரைக்கு மேல் அதிகாரி கையால் எழுதும் எண்ணைக் கவுன்டரை விட்டு நகரும் முன் படியுங்கள். 90 என்று எதிர்பார்த்த இடத்தில் 30 என்று எழுதியிருக்கலாம். அப்போதே கேட்டால் சில சமயம் மாற்றித் தருவார்கள். பிறகு கேட்டால் தலைநகரத்து அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

எல் சால்வடோரில் பெரும்பாலும் முத்திரையே போடுவதில்லை. கணினியில் மட்டும் பதிகிறார்கள். அடுத்த நாட்டில் “எங்கே உங்கள் முத்திரை?” என்று கேட்டால் காட்ட, நுழைந்த அன்றைய பஸ் டிக்கெட்டையும் விடுதி ரசீதையும் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள்.

3. காகிதக் கட்டு

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்குமேல் செல்லுபடியாக வேண்டும். காலிப் பக்கங்கள் தாராளமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், அமெரிக்க விசாப் பக்கம் இரண்டுக்கும் நாட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைகளில் நகல் கடைகள் உண்டு. ஆனால் உங்கள் பஸ் நிற்கும் இருபது நிமிடத்தில் அங்கே மின்சாரம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கோஸ்டா ரிகாவிலும் பனாமாவிலும் நீங்கள் நாட்டைவிட்டு வெளியேறப் போவதற்குச் சான்று கேட்பார்கள். கோஸ்டா ரிகா எல்லையில் வெளியேறும் பஸ் டிக்கெட் பெரும்பாலும் போதும். நாடுவிட்டு நாடு பஸ் ஓட்டும் ‘டிகா பஸ்’ நிறுவனத்தின் டிக்கெட்டை எல்லா அதிகாரிகளும் அறிவார்கள். பனாமாவுக்கு உங்கள் சொந்த நாட்டுக்கோ, நீங்கள் வசிக்கும் நாட்டுக்கோ போகும் விமான டிக்கெட்டையே காட்டிவிடுங்கள். அங்கே 500 டாலர் கையிருப்புக்கும் சான்று கேட்பதுண்டு. நோட்டாகவும் காட்டலாம், கிரெடிட் கார்டோடு சமீபத்திய வங்கிக் கணக்கு அறிக்கையையும் காட்டலாம். இந்திய வங்கியின் அறிக்கையாக இருந்தால் டாலர் மதிப்பைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ரூபாய்த் தொகையைப் பார்த்து அவர்கள் குழம்புகிறார்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், கொலம்பியா, ஈக்வடார், பெரு, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து வடக்கே வருகிறவர்களுக்குத் தேவை. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். வடக்கிலிருந்து வருகிறவர்களிடம் பொதுவாகக் கேட்பதில்லை. ஆனாலும் ஊரிலேயே போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், பின்னால் திட்டம் மாறினாலும் கவலை இல்லை.

எல்லாவற்றையும் கைபேசியிலும் வையுங்கள். ஆனால் கைபேசியை மட்டும் நம்பாதீர்கள். நிகராகுவா எல்லையில் காகிதம்தான் பேசும்.

4. பணம்

அமெரிக்க டாலர்தான் இந்தப் பாதையின் பொதுப்பணம். எல் சால்வடோரில் 2001 முதல் அதுவே நாட்டுப் பணம். பனாமாவில் பல்போவா என்ற பெயர் இருந்தாலும் நோட்டு டாலர் நோட்டுதான். சில்லறை மட்டும் உள்ளூர் நாணயம். மற்ற நாடுகளில் ஒரு டாலருக்குத் தோராயமாக 7.7 கெட்சால் (குவாத்தமாலா), 26 லெம்பிரா (ஹோண்டுராஸ்), 36 கொர்தோபா (நிகராகுவா), 500 கொலோன் (கோஸ்டா ரிகா) என்று மனதில் வைத்துக்கொண்டு, போகும் வாரத்து விலையைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1, 5, 10 டாலர் நோட்டுகளாக நூறு டாலராவது தனியாக வையுங்கள். எல்லைக் கட்டணங்கள் சின்னவை; 50 டாலர் நோட்டை நீட்டினால் மீதி கிடைக்காது. ஓரம் கிழிந்த நோட்டு, பேனா எழுத்து உள்ள நோட்டு, மடிப்பில் நைந்த நோட்டு எதையும் வாங்க மாட்டார்கள். இந்தியாவில் டாலர் மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கட்டணங்கள் சுமாராக இப்படி. ஹோண்டுராஸ் நுழைவு 3 டாலர். நிகராகுவா நுழைவு 12, 13 டாலர். அதோடு உள்ளூராட்சிக்கு 1 டாலர். வெளியேறும்போது மறுபடி இரண்டு மூன்று டாலர். கோஸ்டா ரிகாவிலிருந்து தரைவழியாக வெளியேற ஏழெட்டு டாலர். பெலிஸிலிருந்து வெளியேற 40 பெலிஸ் டாலர், அதாவது 20 அமெரிக்க டாலர். குவாத்தமாலாவிலிருந்து தரைவழியாக வெளியேற அரசுக் கட்டணம் இல்லை; யாராவது பத்து, இருபது கெட்சால் கேட்டால் பணிவாக ரசீது கேளுங்கள். ரசீது என்ற சொல்லைக் கேட்டதும் பல கட்டணங்கள் காணாமல் போகும்.

எல்லையில் நோட்டுக் கட்டோடு நிற்கும் பணம் மாற்றுகிறவர்களிடம் கையில் மிஞ்சியதை மட்டும் மாற்றுங்கள். அவர்கள் கால்குலேட்டரைப் பார்க்காதீர்கள், உங்களுடையதில் போடுங்கள். அவர்கள் பணத்தை எண்ணி உங்கள் கையில் வைத்த பிறகே உங்கள் பணத்தைக் கொடுங்கள். எல்லை தாண்டியபின் முன்நாட்டுப் பணத்தை யாரும் சீந்த மாட்டார்கள்.

5. எந்த வண்டி

மூன்று வகை உண்டு.

நாடுவிட்டு நாடு போகும் பெரிய பஸ். ‘டிகா பஸ்’ குவாத்தமாலா நகரத்திலிருந்து பனாமா நகரம் வரை தலைநகரங்களை இணைக்கிறது. கோஸ்டா ரிகாவின் தலைநகர் சான் ஹோசேயிலிருந்து நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவுக்கு எட்டு ஒன்பது மணி நேரம். சான் ஹோசே–பனாமா நகரம் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாது. பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் டிக்கெட். பஸ் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிலையத்தில் இருக்க வேண்டும். சில எல்லைகளில் நடத்துநரே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு போய் வேலையை முடித்துவருவார். முதல்முறை எல்லை கடக்கிறவர்கள் இதில் ஏறுங்கள். ஆனால் டிக்கெட் வாங்கும்போதே “என்னுடையது இந்திய பாஸ்போர்ட், அமெரிக்க விசா இருக்கிறது” என்று சொல்லி, எல்லையில் தாமதமானால் வண்டி காத்திருக்குமா என்று கேளுங்கள்.

இரண்டாவது, விடுதிகள் ஏற்பாடு செய்யும் வேன். குவாத்தமாலாவின் அன்டிகுவாவிலிருந்து எல் சால்வடோரின் எல் துன்கோ கடற்கரைக்கு, ஹோண்டுராஸின் கோபானுக்கு, நிகராகுவாவின் லெயோனுக்கு என்று போகும். வசதிதான். ஆனால் ஒரே வேனில் இருக்கும் பத்துப் பேரும் ஐந்து நிமிடத்தில் கடந்துவிட, நீங்கள் மட்டும் நாற்பது நிமிடம் ஆனால் ஓட்டுநர் பொறுமை இழப்பார். கட்டணத்தில் பாதியை மட்டும் முன்பணமாகக் கொடுத்து, மீதியைப் போய்ச் சேர்ந்ததும் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உள்ளூர் பஸ்ஸில் எல்லை வரை போய், நடந்து கடந்து, அந்தப் பக்கம் வேறு பஸ் பிடிப்பது. மிக மலிவு. யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள் என்பதால் நமக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. அமெரிக்காவில் ஓடி ஓய்ந்த பள்ளிப் பேருந்துகள்தான் இங்கே வண்ணம் பூசி ஓடுகின்றன. பையைக் கூரைமேல் ஏற்றுவார்கள்; பாஸ்போர்ட்டும் பணமும் உடம்போடு இருக்கட்டும்.

6. எல்லையில் இறங்கியதும்

ஒவ்வொரு எல்லையும் இரண்டு அலுவலகம். முதலில் விட்டுப்போகும் நாட்டின் குடியேற்ற அலுவலகத்தில் வெளியேற்றப் பதிவு. பிறகு பாலத்தையோ, வேலியிட்ட வெற்றிடத்தையோ நடந்து கடந்து அடுத்த நாட்டில் நுழைவுப் பதிவு. அதன்பின் சுங்கம். இந்த வரிசை மாறக்கூடாது. வெளியேறும் முத்திரை இல்லாமல் அடுத்த நாட்டுக் கவுன்டரில் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். நுழைவு முத்திரை இல்லாமல் ஊருக்குள் போய்விட்டால் இன்னும் மோசம். அந்த நாட்டை விட்டுப் போகும் நாளில் அபராதத்தோடு விசாரணையும் வரும்.

இறங்கியதும் அட்டை மாட்டிய இளைஞர்கள் படிவத்தோடு ஓடி வருவார்கள். படிவம் இலவசம். ஒருவரிடமும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். சீருடையில் கவுன்டருக்குப் பின்னால் இருப்பவரிடமும், நீங்கள் ஏறிவந்த பெரிய பஸ்ஸின் நடத்துநரிடமும் மட்டும் கொடுக்கலாம்.

தொழில் என்ன என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள். நிகராகுவாவில் பத்திரிகை, மனித உரிமை, தொண்டு நிறுவனம் சார்ந்த வேலை என்றால் நுழைவு மறுக்கப்படலாம். ட்ரோனும் அங்கே கூடாது. எல்லையிலேயே பறிமுதல் செய்வார்கள். பையில் பழம், இறைச்சி எதுவும் வேண்டாம்.

7. எல்லை எல்லையாக

குவாத்தமாலாவிலிருந்து ஹோண்டுராஸ்: எல் ஃப்ளோரிடோ. கோபான் மாயா இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்களின் வழி. எல்லையிலிருந்து கோபான் ருயினாஸ் ஊர் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள். சிற்றுந்துகள் நிரம்பியதும் கிளம்பும். கூட்டம் குறைவு, அதிகாரிகளுக்கு நேரம் இருக்கும். முதல் எல்லையாக இதை வைத்துக்கொள்வது நல்லது.

குவாத்தமாலாவிலிருந்து எல் சால்வடோர்: வாயே நுவேவோ–லாஸ் சினாமாஸ். இரண்டு தலைநகரங்களுக்கும் இடையிலான நேரான பாதை. பெரிய பஸ்கள் இதில்தான் போகின்றன.

எல் சால்வடோரிலிருந்து நிகராகுவா: இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். நடுவே ஹோண்டுராஸின் ஒரு துண்டு இருக்கிறது. எல் அமாத்தியோவில் நுழைந்து, சொலுத்தேகா வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடி, குவாசவுலேவில் வெளியேற வேண்டும். ஒரே நாளில் இரண்டு எல்லை, நான்கு கவுன்டர். காலை ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். குவாசவுலேவில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் பாலத்தைத் தாண்டிக் கொண்டுவிடுவதாகச் சொல்வார்கள். ஏறும் முன்பே தொகையையும் நாணயத்தையும் பேசிவிடுங்கள். ஐந்து என்று சொல்வது லெம்பிராவா, டாலரா என்பதில்தான் சண்டை வரும். அங்கிருந்து சினாந்தேகா, பிறகு லெயோன்.

ஹோண்டுராஸைத் தவிர்க்க, எல் சால்வடோரின் லா உனியோனிலிருந்து ஃபோன்சேகா வளைகுடாவைப் படகில் கடந்து நிகராகுவாவின் பொத்தோசிக்குப் போகலாம். அழகான வழி. ஆனால் தினமும் படகு இல்லை, செலவு பஸ்ஸைவிடப் பல மடங்கு. நிகராகுவா அனுமதி கையில் இல்லாமல் படகேறவே கூடாது, ஏனென்றால் திருப்பி அனுப்பினால் அன்று திரும்பும் படகு இருக்காது.

நிகராகுவாவிலிருந்து கோஸ்டா ரிகா: பெனியாஸ் பிளான்காஸ். ரிவாஸிலிருந்து உள்ளூர் பஸ் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவிடும். உள்ளே போகும்போது வாங்கும் 1 டாலர் உள்ளூராட்சிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வாசலில் கேட்பார்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே நல்ல வெயிலில் நடை. கோஸ்டா ரிகா பக்கம் வெளியேறும் டிக்கெட்டைக் கட்டாயம் கேட்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வெளியே லிபேரியாவுக்கும் சான் ஹோசேவுக்கும் பஸ் நிற்கும்.

கோஸ்டா ரிகாவிலிருந்து பனாமா: இரண்டு வழி. கரீபியக் கரையில் சிக்சாவோலா–குவாபிதோ. புவேர்த்தோ வியேகோவிலிருந்து பஸ், ஆற்றுப் பாலத்தில் நடை, பிறகு அல்மிராந்தே போய் போகாஸ் தீவுகளுக்குப் படகு. பசிபிக் பக்கம் பாசோ கனோவாஸ். இது ஒரு கடைவீதி. தெருவின் ஒரு பக்கம் கோஸ்டா ரிகா, மறுபக்கம் பனாமா. நடுவில் தடுப்பே இல்லாததுபோல் இருக்கும். பஸ்ஸைவிட்டு இறங்கி, சாப்பிட்டு, இன்னொரு பஸ் ஏறி முத்திரையே இல்லாமல் பனாமாவுக்குள் போய்விடுவது இங்கே மிக எளிது. பின்னால் சாலைச் சோதனைச் சாவடியில் பிடிபடுவீர்கள். எனவே இறங்கியதும் சாப்பாடு, கழிப்பறை எதற்கும் முன் கோஸ்டா ரிகாவின் வெளியேற்ற அலுவலகத்தைக் கேட்டுப் போங்கள். எல்லையிலிருந்து டேவிட் நகரம் ஒன்றரை மணி நேரத்துக்குள். அங்கிருந்து பனாமா நகரம் ஏழு மணி நேரம்.

8. நேரமும் நாளும்

பனாமா கோஸ்டா ரிகாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். கோஸ்டா ரிகாவில் மாலை ஐந்து என்றால் பனாமாவில் ஆறு. சிறிய எல்லைகள் மாலையோடு மூடிவிடுகின்றன. உள்ளூர் பஸ்களும் பொழுது சாயும் முன்பே நின்றுவிடும். எந்த எல்லைக்கும் காலை பத்து மணிக்குள் போய்ச் சேர்வதுபோல் திட்டமிடுங்கள். உங்களை உட்கார வைத்துத் தலைநகருக்கு போன் போட்டாலும், பதில் வரப் பகல் வெளிச்சம் இருக்கும். இருட்டியபின் எல்லை ஊர்களில் தங்க வேண்டாம்.

ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்திலும் கிறிஸ்துமஸை ஒட்டியும் பெனியாஸ் பிளான்காஸைத் தவிர்த்துவிடுங்கள். கோஸ்டா ரிகாவில் வேலை செய்யும் நிகராகுவா மக்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரும் நாட்கள் அவை. வரிசை சாலை வரை நீளும். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். மண் சரிந்து சாலை அடைபடுவது வழக்கம் என்பதால், விமான டிக்கெட்டுக்கு முன் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் உதவிக்கு, இந்தப் பாதையில் குவாத்தமாலா நகரத்திலும் பனாமா நகரத்திலும் இந்தியத் தூதரகங்கள் இருக்கின்றன. இரண்டின் தொலைபேசி எண்ணையும் காகிதத்தில் எழுதி, பாஸ்போர்ட் இருக்கும் பையில் அல்லாமல் வேறு பையில் வையுங்கள்.

9. பனாமாவுக்கு அப்பால்

சாலை யாவிசாவில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கொலம்பியா வரை தாரியேன் காடு. பஸ் இல்லை, நடந்து போக நினைக்கவும் வேண்டாம். சான் பிளாஸ் தீவுகள் வழியாகக் கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்குப் பாய்மரப் படகுகள் போகின்றன. ஐந்து நாள் அளவில் ஆகும், 500 டாலருக்குமேல் செலவாகும். காசும் நேரமும் குறைவாக இருப்பவர்களுக்கு விமானமே சரி. இரண்டில் எதுவானாலும், கொலம்பியாவுக்குள் விசா இல்லாமல் நுழைய உங்கள் அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ அன்றைய தேதியிலிருந்து குறைந்தது 180 நாள் செல்லுபடியாக வேண்டும். அதைப் பார்த்துவிட்டுப் படகுக்கோ விமானத்துக்கோ பணம் கட்டுங்கள். படகில் போகிறவர்கள் பனாமா வெளியேற்ற முத்திரையைக் கேப்டன் வாங்கித் தருவாரா, நீங்களே போய் வாங்க வேண்டுமா என்பதையும் முன்பணம் கொடுக்கும் அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.